சிவப்பில் நின்ற வரி

இணையத்தில் வருவது உண்மையா புளுகா என்று காட்டும் ஒரு கருவியை பிரவுசருக்காக எழுதிக்கொண்டிருந்தேன். உண்மையான வரி பச்சையாகும், பொய் சிவப்பாகும். அதைச் சோதிக்க, ஒவ்வொரு வரியும் உண்மை என்று நமக்கே தெரிந்த பக்கம் ஒன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் புதைத்திருந்தோம். நானே எழுதி இணையத்தில் போட்ட அவனுடைய இரங்கல் அறிவிப்பைத் திங்களன்று ஆபீஸில் திறந்தேன்.

பெயர், வயது, படிப்பு எல்லாம் பச்சை. ‘காலமானார்’ என்ற வரி மட்டும் சிவப்பு.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். "புரோகிராம்ல ஏதோ கோளாறுப்பா. நீ மொதல்ல வீட்டுக்குப் போய் தூங்கு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. செவ்வாய் முழுக்கத் தேடியும் ஒரு பிழையும் அகப்படவில்லை. சிவப்பு அப்படியே இருந்தது. சாயங்காலம் அம்மா போனில் அழுதாள். "அவனுக்கு இருட்டுன்னாலே ஆகாதேடா. எப்படிடா விட்டுட்டு வந்தோம்?"

"அவனுக்கு இனிமே எதுவும் தெரியாதும்மா" என்றேன்.

புதன்கிழமை காலையில் எல்லா வரிகளும் பச்சையாக இருந்தன. புரோகிராமில் யாரும் கை வைத்திருக்கவில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் என் முதுகில் தட்டினார். "பாத்தியா, தானாவே சரியாயிடுச்சு."