மும்பையிலிருந்து ஐதராபாத்துக்கு

ஐயப்பன்தாங்கல் நான்காம் மாடிச் சன்னலின் ஞாயிற்றுக்கிழமை வெயில் யுவராணியின் லேப்டாப்பில் பாதியை மூடியிருக்கிறது. பதினொரு மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவுகள், நாற்பது லட்சம் பேருடையவை, மும்பை சர்வரிலிருந்து ஐதராபாத் சர்வருக்கு இப்போது மாற வேண்டும். ஒரு வரி பிசகினாலும் எங்கோ ஒருவருக்கு வேறு வகை ரத்தம் ஏறக்கூடும். டேட்டாபேஸின் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்தால்தான் திரை வழிவிடும் என்பதால் அவள் ஒற்றை விரலால் அடிக்கிறாள். எதிரே அவளுடைய அப்பா துலுக்கானம், ஷேர் ஆட்டோ ஓட்டும் காக்கிச் சட்டையோடு, கீழே வைத்தால் சத்தம் வருமே என்று டீ கிளாஸைக் கையிலேயே பிடித்திருக்கிறார். பொத்தான் அழுந்துகிறது. திரையில் ஒரு வட்டம் சுழல்கிறது. டிப்போவிலிருந்து பஸ் ஒன்று உறுமிக்கொண்டு வெளியேறுகிறது. திரையில் மும்பை சாம்பல் நிறமாகிறது, ஐதராபாத் பச்சையாகிறது.

“இன்னாம்மா, ஆச்சா?”

“புதுசா ஒரு பதிவு உள்ள வரணும் நைனா. அப்பதான் ஆச்சு.”

போன் ஸ்பீக்கரில் திருச்சி மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலிருந்து ஸ்வாதி பேசுகிறாள். “மேடம், பொண்ணு பொறந்திருக்கு. இன்னும் பேர் வைக்கல. அப்படியே ஏத்திட்டேன்.”

திரையில் நாற்பது லட்சத்தின் கடைசி இலக்கம் ஒன்று கூடுகிறது. யுவராணி மூச்சு விடுகிறாள்.

“நாப்பது லட்சம் பேரு ஊடு மாறிகீறாங்க,” என்கிறார் துலுக்கானம். “ஒரு சாமான் உருள்ற சத்தம் கேக்கல.”

“இனிமே பயமில்ல நைனா. கிளாஸ வைங்க.”

ஆறிப்போன டீயை அவர் இப்போதும் ஓசைப்படாமல்தான் கீழே வைக்கிறார்.

“பச்சக் கொயந்த உள்ள கீதும்மா.”