இரண்டு சீட்டு

ஏசுபாதம் இருமினால் ரத்தம் வந்தது. சுரங்க ஷாஃப்டில் இறங்க முடியாதவனுக்குக் கம்பெனி வீடு கிடையாது. நோயில்லாதவனுக்குக் கம்பெனி மருந்து கிடையாது. கோலார் தங்கவயலில் அதுதான் சட்டம்.

அவன் மனைவி ரூத்தம்மா, கம்பெனியின் வெள்ளைக்கார டாக்டர் துரையிடம் வீடு, மருந்து இரண்டையும் கேட்டாள். துரை இங்கிலீஷில் இரண்டு சீட்டு எழுதினார். கம்பவுண்டர் எடுத்து நீட்டினார்.

"இது மருந்து ரூமுக்கு, இது வீடு குடுக்கற ரைட்டருக்கு. தொர மனசு வெச்சி எழுதிக்கிறாரு, போம்மா."

"மகராசனா இருக்கட்டுங்க."

இரண்டு நாள் கழித்து, ஏசுபாதம் காலி செய்திருப்பான் என்று அவன் வீட்டுக்குப் புது ஆளைக் கூட்டிவந்த கம்பவுண்டர் திகைத்து நின்றார். ஏசுபாதம் உள்ளேதான் படுத்திருந்தான். தலைமாட்டில் கம்பெனி மருந்துப் புட்டி.

"இன்னாம்மா பண்ணே? 'நோயே இல்ல'ன்னு எழுதினது மருந்து ரூமுக்கு! 'நோய் முத்திப்போச்சு, இனிமே இறங்க மாட்டான்'னு எழுதினது ரைட்டருக்கு!"

"ஐயோ, மாத்திக் குடுத்துட்டேனுங்களா? எனக்கு இன்னா எழுத்தா தெரியும் சாமி?"

"படிப்பில்லாத ஜென்மம்!" என்று திட்டிக்கொண்டே கம்பவுண்டர் திரும்பிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ரூத்தம்மா புட்டியைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டை எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள்.

"தெனம் மூணு வேள, சோறு துன்ன பொறவுன்னு போட்டுக்குது. எழுந்து துன்னுய்யா."