மேனேஜர் திட்டிய திட்டு

"வர்றவுகளுக்கெல்லாம் அள்ளிக் குடுக்க இங்க என்ன அன்னதானமா நடக்குது?"

மேனேஜர் முத்துக்கண்ணன் போட்ட சத்தத்தில் ஞானசேகருக்குக் காது அடைத்துவிட்டது. ரிட்டயர்டு கண்டக்டர். முப்பது வருஷம் கூட்ட பஸ்ஸில் எத்தனையோ வாயைப் பார்த்தவர்தான். ஆனால் மகள் ஷீலாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை.

விஷயம் இதுதான். கொத்தமங்கலத்தில் பழைய பங்களா ஒன்றை எடுத்து நடத்துகிற ஓட்டல் அது. ரிசப்ஷன் வேலை ஷீலாவுக்குத்தான் என்று ஆர்டர் கொடுத்தார்கள். மதுரையில் மூன்று மாதப் பயிற்சியை முடித்துவிட்டு வரச் சொன்னார்கள். ஃபீஸ் நாற்பத்திரண்டாயிரம். மாடி ரூமுக்கு கான்கிரீட் போட வைத்திருந்த காசை எடுத்துக் கட்டினார் ஞானசேகர். பயிற்சி முடிந்த மறுநாளே, 'வேலை இல்லை' என்று ஒற்றை வரியில் கையை விரித்துவிட்டார்கள். மாடியில் கட்டின கம்பியெல்லாம் மழையில் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

"சார், நீங்க சொன்னீகன்னுதானே கட்டுனோம்? வேலைதான் இல்லைன்னுட்டீக. அந்த ஃபீஸையாவது குடுங்க."

உள் அறையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது. மனுஷன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

முத்துக்கண்ணனுக்குக் குரல் இன்னும் ஏறியது.

"மார்ச் மூணாந்தேதி நான் அனுப்புன மெயில்ல 'இதை முடிச்சாத்தான் வேலை'ன்னு போட்டிருந்தா, உடனே பிரிண்ட் எடுத்துக்கிட்டு வக்கீல்ட்ட ஓடிருவீகளோ? ஓடுங்க! பதினஞ்சு நாள் கெடு வச்சு நோட்டீஸ் விடுங்க பாப்போம்! அதையும் எனக்கு விட்டுட்டு நிக்காதீக, கிழிச்சுப் போட்டுருவேன். தைரியம் இருந்தா சென்னையில இருக்க எங்க ஹெட் ஆபீசுக்கு விடுங்க!"

"அப்பா, வாங்க போவோம்." ஷீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா இருப்பீக சார்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார் ஞானசேகர். பெற்ற பிள்ளை முன்னால் மானம் போனதே! பணம் போனதைவிட அதுதான் அவருக்கு எரிந்தது.

நேரே காரைக்குடிக்கு பஸ் ஏறினார்கள். வக்கீல் ரோகிணியின் ஆபீசில் உட்கார்ந்து, வயிற்றெரிச்சலோடு நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

"அப்புறம் என்ன சொன்னாரு?" என்று கேட்டுக் கேட்டு டைப் அடித்தாள் ரோகிணி.

நோட்டீஸ் போன பதினோராம் நாள் ஷீலாவின் அக்கவுண்டில் நாற்பத்திரண்டாயிரம் முழுசாக விழுந்தது.

அப்பாடா! ஞானசேகருக்கு அன்றைக்குத்தான் சோறு தொண்டைக்குள் இறங்கியது. அவர் சம்சாரம் யூஜினியா கை கழுவின ஈரத்தோடு கொத்தனாருக்குப் போன் போட்டாள். ஷீலா பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

சாயங்காலம் ஃபீஸ் கொடுக்க ரோகிணியிடம் போனார்.

"நோட்டீஸ்னா இதும்மா நோட்டீஸ்! எப்படித்தான் யோசிச்சீகளோ! இப்பவே அந்த முத்துக்கண்ணன்ட்ட போயி, மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரணும்."

"ஐயையோ, அங்குட்டுத் தலையே காட்டிராதீக சார். முதலாளிக்குச் சந்தேகம் வந்தா மேனேஜர் வேலை போயிரும்."

"அந்த ஆளு வேலை போனா நமக்கென்னம்மா?"

ரோகிணி நோட்டீஸ் நகலை அவர் பக்கம் தள்ளினாள்.

"எந்தத் தேதி மெயிலு, எத்தனை நாள் கெடு, எந்த ஆபீசுக்கு அனுப்பணும்... இதுல நானா யோசிச்சது ஒண்ணுமே இல்ல சார். முதலாளி காதுல விழ அந்த மனுஷன் உங்களைத் திட்டுனதைத்தான் அப்படியே டைப் அடிச்சேன்."