பத்து நிமிடத்தில் நூற்றொரு தேங்காய்

இதில் ஒரு சொல் பொய்யிருந்தாலும் என் பல்செட் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போகட்டும். திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையார் முன்னிலையில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

தேங்காய் உடைக்கிற இடத்தில் நாகேஸ்வரன் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார். கண் பிள்ளையார் மேல் இல்லை. போன் மேல் இருந்தது. ஒரு காலில் நிற்பார், மறுகாலுக்கு மாறுவார், வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

"இன்னும் ஏழு நிமிசம் காட்டுது வே."

அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி சற்றுத் தள்ளி நின்ற சுவாமிதாஸுக்கு இது பிடிக்கவில்லை. சாலை பஜாரில் நாகேஸ்வரனின் பலசரக்குக் கடையில் இருபது வருடமாகத் தராசு பிடிக்கிறவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

"அண்ணாச்சி, இது செரியில்ல கேட்டியளா. எந்த சாமியும் இத ஒத்துக்காது."

விஷயம் இதுதான். 'சடார்' என்று ஒரு ஆப் கோட்டைப் பகுதிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் வாசலில் பருப்பு. அன்றிலிருந்து நாகேஸ்வரன் கடைக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட வரவில்லை. இப்படியே போனால் ஓணத்துக்குள் கடையைச் சாத்திவிட்டு, நாகர்கோவிலில் மச்சினன் வீட்டு மாடியில் போய்க் குடியிருக்க வேண்டியதுதான். ஆகவே சடார் ஒழிய வேண்டும். அதற்கு நூற்றொரு தேங்காய்.

காரியம் முடிந்த பிறகுதான் தேங்காய் உடைப்பது ஊர் வழக்கம். ஆனால் அட்வான்ஸ் கொடுக்காமல் சரக்கு எடுத்து நாகேஸ்வரனுக்குப் பழக்கமில்லை. பிள்ளையாருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்.

கோயில் வாசலில் சில்லறை விலைக்கு வாங்க மொத்த வியாபாரியின் மானம் இடம் கொடுக்கவில்லை. சொந்தக் கடைத் தேங்காயை எடுக்க மனசு வரவில்லை. சடாரில், முதல் ஆர்டருக்குப் பாதி விலை என்று போட்டிருந்தது.

"அவன ஒழிக்க அவன்கிட்டயே தேங்கா வாங்குறியளே!" என்றார் சுவாமிதாஸ்.

"பாதி வெலைக்குக் குடுக்கான்லா? நஷ்டமும் அவனுக்கு, நாசமும் அவனுக்கு."

"நம்ம கடையிலயும் சரக்கு தீருதுல்லா அண்ணாச்சி? பெறகு என்ன?"

"எவன் வாங்குதான்னு பாத்தீரா வே? வாறவனெல்லாம் ஹெல்மெட்டக் கழத்தாம நிக்கான். சுகம் விசாரிக்க ஒரு மொகம் உண்டா? வழிப்போக்கன நம்பிக் கடை நடத்த முடியுமா?"

போனில் ஒரு குட்டி ஸ்கூட்டர் படம் ஓடிக்கொண்டிருந்தது. சாலை பஜாருக்குள் நுழைந்தது, நின்றது, அப்புறம் அசையவில்லை. நாகேஸ்வரன் அதை விரலால் தள்ளிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து மனைவி சிவகாமியம்மாள் கூப்பிட, ஸ்கூட்டர் மறைந்துவிட்டது. அழைப்பை வெட்டினார். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி வெட்டினார்.

ஒன்பதாம் நிமிடம், மீசை நரைத்த டெலிவரிக்காரர் சுனில் வந்து சேர்ந்தார். முன்னால் இரண்டு மூட்டை, பின்னால் இரண்டு, மடியில் ஒன்று. நடுவில் ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. அந்தப் பாரத்தோடு பழவங்காடி முக்கில் ஒரு ஹாரன் அடிக்காமல், யாரையும் ஏசாமல் வந்துவிட்டார்.

"அண்ணா, ஓடிபி பறயணும்."

ஓடிபி சொல்லி முடித்த கையோடு நாகேஸ்வரன் உடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தேங்காய்க்கும் "ஒழிஞ்சு போ!" என்று ஒரு சத்தம். சுனில் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார். எண்பதாவதில் வலது தோள் இறங்கியது; இடக்கைக்கு மாறினார். நூற்றொன்றையும் முடித்து, இளைத்துக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"ஏட்டி, என்ன?"

"எத்தன தடவ விளிக்கது! ஒரு மீசக்காரரு வந்து நூத்தியொரு தேங்கா மொத்தமா கேட்டாரு. கேக்கலாம்னா நீங்க போன எடுக்கல்ல. குடுத்துட்டேன். ஸ்கூட்டருல மடிச்சு வச்சிருந்த சட்டையில சடார்னு எழுதியிருந்து."

நாகேஸ்வரன் மெல்லத் திரும்பி சுனிலைப் பார்த்தார். "தேங்கா எங்க எடுத்தீரு?"

"சாலையில நாகேஸ்வரன் ஸ்டோர். இவிடெ கம்பெனிக்கு குடோன் இல்ல அண்ணா. மூணு வாரமா அரிசி, பருப்பு எல்லாம் அவிடத்தான் எடுக்கோம். ஒரு நாளைக்கு நாப்பது தடவ போவோம். கம்பெனி சட்டையக் கண்டா முதலாளி தரமாட்டாராம். அதான் கழத்தி வச்சிட்டு, ஹெல்மெட்டோட போறது."

சுவாமிதாஸ் செருப்புகளைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

நாகேஸ்வரன் சன்னதியைப் பார்த்து ஓடினார். "பிள்ளையாரே, கேன்சல்! ஆர்டர் கேன்சல்! அட்வான்ஸ் திருப்பித் தரவேண்டாம்!" இறங்கிப்போன தோளோடு காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார்.

சுனிலின் போன் கூவியது. படித்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"போயி அண்ணா. கோட்டை ஏரியாவில சர்வீஸ் நிறுத்தியாச்சாம். இப்பத்தான் மெசேஜ்."

சுவாமிதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கடைசித் தேங்கா உடைஞ்சு பத்து நிமிசம்கூட ஆகல்ல, அண்ணாச்சி."

இதெல்லாம் நடந்தது போன புதன்கிழமை காலையில். அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் முழு ஹர்த்தால். சாலை பஜாரில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. அது கிடக்கட்டும், சாப்பாட்டு நேரமாகிவிட்டது, என் பல்செட்டை யாராவது பார்த்தீர்களா?