தெருவுக்குரிய புகை

நகராட்சி எழுத்தர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே பூரணி நின்றாள். இறந்துபோன அவள் அப்பா, வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். ஒவ்வொரு தெருவுக்கும் நாளுக்கு இவ்வளவு புகைதான் என்று நகராட்சி அளவு வைத்திருந்தது. புகை அனுமதி இல்லாமல் மயானத்தில் எரிக்க முடியாது. அந்தப் புகையும் இறந்தவரின் தெருவுக்குரிய அன்றைய அளவில்தான் கழியும்.

“வழக்கமா பத்து மணிக்குள்ள உங்க தெரு பாதியத் தீத்துரும். இன்னைக்கு ஒரு பொட்டுப் புகைகூட இல்ல. மீட்டர் ரிப்பேரா?”

“ரிப்பேர் இல்ல சார். அப்பாவ இன்னும் எடுக்கல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிணம் தெருவைத் தாண்டும்வரை யாரும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அனுமதி போட்டுட்டேன்மா. ஆனா மிச்சம் இருக்காது. எடுத்த பெறகும் விடியிற வரைக்கும் தெருவுல ஒரு அடுப்பும் எரியக் கூடாது. சொல்லிருங்க.”

பூரணிக்கு எதிர்வீட்டுச் செல்லக்கனியின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. இட்லிக் கடைக்காரி. அப்பாவின் வெந்நீர் அடுப்பு தன் கடைக்கான புகையைத் தின்கிறது என்று இதே அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அதை இடிக்க வைத்தவள். மார்கழி முழுக்க அப்பா பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

திரும்பியபோது செல்லக்கனி கடைவாசலில் நின்றாள். பூரணி தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னாள்.

செல்லக்கனி உள்ளே போனாள். காலையிலிருந்து எரியாத அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

“எல்லாத்தையும் அவரே எடுத்துக்கிடட்டும்” என்றாள்.