வெர்னாவின் வெறுங்கை

பென்ஷன்காரர்களான நாங்கள் வருஷாவருஷம் குளிர்காலம் முழுக்க அரிசோனா பாலைவனத்தில்தான். போன கோடையில் எங்கள் கூட்டாளி ஆர்வில் இறந்துபோனார். இம்முறை அவர் மனைவி வெர்னாவே அவர்கள் தங்கும் வீட்டு வேனை ஓட்டி வந்தாள்.

சதுரமாக நின்று கைமாறி ஆடும் சதுர நடனத்துக்கு நான்கு ஜோடி வேண்டும். ஏழு பேர்தான் இருந்தோம்.

"அவர் இடம் காலியாவே இருக்கட்டும். காத்தோட ஆடிக்கிறேன்," என்றாள் வெர்னா.

கைமாறிச் சுற்றும்போது பெண்களின் உள்ளங்கையில் மிட்டாய் திணிப்பது ஆர்விலின் வழக்கம். சர்க்கரை நோய்க்காரியான மனைவிக்கு மட்டும் தரமாட்டார்.

ஆடினோம். காலி இடத்திலும் மணல் மெல்ல எழும்பியது.

இசை நின்றதும் மற்ற பெண்கள் நாங்கள் மூவரும் உள்ளங்கையை விரித்தோம். ஆளுக்கொரு புதினா மிட்டாய்.

வெர்னா தன் வெறுங்கையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்க போயும் என் சர்க்கரைய மறக்கலடி, இந்த மனுஷன்!"