மூன்றாம் அத்தியாயத்தில் தூக்கம்

எழுத்தாளருக்கு ஒரே குழப்பம். தொடர்கதை முழுவதற்கும் குறிப்பு எழுதிவைத்துச் சொன்னால், அவர் கதைகளை முதலில் கேட்கும் மேடம் மூன்றாம் அத்தியாயத்திலேயே தூங்கிவிடுகிறார். குறிப்பே இல்லாமல் சொன்னால் கண்கொட்டாமல் கேட்கிறார். ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் கதை முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. நாளை பத்திரிகைக்குக் கொடுத்தாக வேண்டும்.

“முடிவை மட்டும் குறிச்சு வெச்சுக்கிட்டுச் சொல்லிப் பாருங்களேன்” என்றாள் மனைவி.

சொன்னார். கதை தடங்கலில்லாமல் முடிவுக்குப் போய்ச் சேர்ந்தது.

“மேடம் ஒரு கொட்டாவிகூட விடலடி! ஜெயிச்சுட்டேன்!”

“கிழிச்சீங்க! மத்தியானம் மணி மூணாச்சு. இனிமே இவளை எப்படித் தூங்க வைக்கிறது?”

நாலு வயது மேடம் கட்டிலில் குதித்தாள். “அப்புறம் என்னாச்சுப்பா?”

அன்றிலிருந்து பத்திரிகைக்கு முடிவை மட்டும் குறித்துக்கொண்டு எழுதுகிறார். மகளைத் தூங்கவைக்க முழுக் குறிப்போடு சொல்கிறார்.